இழுத்துச் சுற்றிய நாற்பது அடுக்கு

வெப்பம் புகாதிருக்க நான் படலம் சுற்றிய தொட்டியில் திரவ ஹீலியம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஆவியாகிக்கொண்டிருந்தது. உக்ரைனில் கார்க்கிவ் நகர ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை. பொறியாளர் வாதிம் படலத்தைக் குறை சொன்னான். அவ்வளவு குளிரில் அதன் அலுமினியப் பூச்சு வெப்பத்தைத் திருப்பி அனுப்பவில்லையாம். மொத்தச் சரக்கையும் தள்ளிவிடப் போகிறானாம்.

படலத்தில் ஒரு குற்றமும் இல்லை, கைதான் காரணம். நாற்பது அடுக்கும் ஒன்றோடொன்று பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அழுந்தினால் வெப்பம் அடுக்குக்கு அடுக்கு தாவி உள்ளே போய்விடும். ஒருத்தி தொட்டியைச் சுழற்ற, இன்னொருத்தி படலத்தைத் தளர்வாக விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுப்பவள் என் தோழி லாரிசா. எட்டு மாதமாக அவள் மேல்மாடிப் பிரிவில் இருக்கிறாள். நான் தனியாக இழுத்து இழுத்துச் சுற்றுகிறேன்.

அவள் கணவன் விட்டுப்போன குளிர்காலத்தில் தினமும் அவள் வீட்டில்தான் கிடந்தேன். சமைத்தேன், துவைத்தேன், அழ விடாமல் பேசிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவள், "தாமாரா, என்னைக் கொஞ்சம் மூச்சு விட விடுடி," என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதோடு பேச்சு நின்றது; அவள் மாடிப் பிரிவுக்கு மாறிப் போனாள்.

படலம் அல்ல, லாரிசா இல்லாததுதான் குறை என்று வாதிமிடம் உண்மையைச் சொன்னேன்.

"அப்போ அவங்களக் கூப்பிடுங்க. இதுல என்ன இருக்கு?" என்றான். அவனுக்கென்ன தெரியும்.

மாடி ஏறிப்போய்க் கேட்டேன். லாரிசா மறுபேச்சில்லாமல் கையுறையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். இரண்டு நாள் சுற்றினோம். நான் வேகமாகச் சுழற்றினால் மட்டும் "இழுக்காதடி" என்பாள். அந்த ஒரு வார்த்தையே எனக்குப் போதும் என்று இருந்ததாகச் சொன்னால் பொய்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹீலியம் ஆவியாகும் அளவு பாதியாக இறங்கியது. பார்க்க வந்த லாரிசா மேலங்கியின் பொத்தான்களை மெதுவாகப் போட்டாள். எல்லாம் போட்ட பிறகும் வாசலிலேயே நின்றாள். வீட்டில் காலையிலேயே இரண்டு பேருக்குப் பீட்ரூட் சூப் வைத்திருந்தேன். கூப்பிட நாக்கு துடித்தது. இந்தத் தடவை இழுக்கவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீ அன்னிக்கு மாடிக்கு வந்தது, தொட்டிக்காக மட்டும்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றேன்.

தலையாட்டிவிட்டு அவள் போய்விட்டாள். அந்தச் சூப்பை நான் மூன்று நாள் குடித்தேன்.