ரெண்டு இன்ச் போதும்

கால்நடை மருத்துவரான அவள் மலையடிப் பண்ணைகளுக்கெல்லாம் தன் ஜீப்பில்தான் போவாள். காலையில் கணவரை அவருடைய தையல் கடையில் இறக்கிவிட்டுப் போவதும் அதே வண்டியில்தான். ஒரு விபத்துக்குப் பிறகு அவருக்கு இடது முழங்கால் சரியாக மடங்காது.

பாதையில் அடிப்பாகம் கல்லில் இடிக்கிறது என்று வண்டியை உயர்த்த இருவரும் பட்டறைக்கு வந்திருந்தார்கள்.

"தினமும் ஓட்டுற வண்டிக்கு ரெண்டு இன்ச் போதும். நாலு இன்ச் ஏத்தினா கல்லு மேல நல்லா போகும், ஆனா ஏறி இறங்க சிரமம்" என்றார் மெக்கானிக்.

"நாலே போடுங்க," என்றார் கணவர் முந்திக்கொண்டு. நாலு இன்ச் உயர்த்திய வண்டி ஒன்று பக்கத்தில் நின்றது. கைத்தடியை அவளிடம் கொடுத்துவிட்டு, அதன் கைப்பிடியைப் பற்றி எம்பி உள்ளே உட்கார்ந்தார். "பாத்தியா? சும்மா ஜம்முனு ஏறிட்டேன்."

அவர் நெற்றியெல்லாம் வியர்வை. உதட்டைக் கடித்திருந்த தடமும் தெரிந்தது.

"ரெண்டு இன்ச் போடுங்கண்ணே. கதவுக்குக் கீழ ஒரு படியும் வெச்சிடுங்க" என்றாள் அவள்.

"என்னால உன் வேலை கெடக்கூடாதும்மா."

"வண்டி போகாத இடத்துக்கு நான் நடந்து போய்க்கிறேன். நீங்க பக்கத்துல இல்லாம காலையில வண்டி ஓட்ட எனக்குப் பிடிக்காதுங்க."

இறங்கும்போது அவள் தோள் கொடுக்க, அவர் மறுக்காமல் பிடித்துக்கொண்டார்.

வண்டி தயாரான மறுநாள் காலை, படியில் கால் வைத்து யார் துணையுமில்லாமல் ஏறி உட்கார்ந்தார்.

"கிளம்பலாமா, டாக்டரம்மா?"