எலக்ட்ரீஷியனை எழுப்பும் தீர்மானம்

பாப்டிஸ்ட் சபை தொடங்கிய அன்று ஞானஸ்நானத் தொட்டியில் முங்கிய எலக்ட்ரீஷியன் ஏழு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். இத்தனைக்கும் தொட்டி நெஞ்சளவு ஆழம்தான். மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரியை வாடகைக்குப் பிடித்து, அதன் சிமெண்ட் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, ஒன்பது பேர் சேர்ந்து சபையை ஆரம்பித்தார்கள். கைக்குழந்தை நெற்றியில் நாலு சொட்டு தெளிப்பதெல்லாம் ஞானஸ்நானமே இல்லை, விவரம் தெரிந்த ஆள் தானாக வந்து முழுசாக முங்கி எழ வேண்டும் என்பது அவர்கள் கட்சி. மேலே பிஷப் என்று யாரும் கிடையாது. எதுவானாலும் ஓர் அங்கத்தினர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, எல்லாரும் கை தூக்கித்தான் முடிவு. ஃபேன் எந்த வேகத்தில் ஓடலாம் என்பதற்கே இரண்டு கூட்டம் நடந்தது.

ஒன்பதாவது ஆளாக எலக்ட்ரீஷியன் இறங்கினார். போதகர் முதுகைத் தாங்கிச் சாய்த்தார்; கை காலியாகத் திரும்பியது. தண்ணீரை இறைத்துப் பார்த்தார்கள், ஆள் இல்லை. மறுபடி நிரப்பினார்கள், மூலையில் குமிழி வந்தது. தீயணைப்பு நிலையத்துக்காரர் இரண்டு தரம் முங்கிப் பார்த்துவிட்டு, சளி பிடிக்கும் என்று கிளம்பிவிட்டார்.

எலக்ட்ரீஷியனின் மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவள். தண்ணீர் என்றால் அவளுக்குப் பயம். அன்று வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தாள். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் துவைத்து மடித்த சட்டையும் துண்டுமாகத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, அந்த வாரத்துக் கதையைக் குமிழியிடம் சொன்னாள். "பாத்ரூம் பல்பு போச்சுங்க. ஸ்டூல் மேல பக்கெட்டைக் கவுத்துப் போட்டு நானே மாத்திட்டேன்." முதல் வருஷம் யாராவது கூட உட்கார்ந்தார்கள். பிறகு குமிழியைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து, சபை நாற்பது பேராக வளர்ந்தது. அவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடந்தது.

ஏழாம் ஆண்டு விழாவுக்கு, தபால் ஆபீஸ் கிளார்க்கான சபைச் செயலாளர் பழைய தீர்மானப் புத்தகத்தை மேஜையில் விரித்து வைத்தார். அவள் படித்துப் பார்த்தாள். எட்டுப் பேருக்கு நேரே 'முழுக்கி எழுப்புவது' என்று இருந்தது. எலக்ட்ரீஷியனுக்கு நேரே 'முழுக்குவது' மட்டும்தான்.

"எழுப்புறதுன்னு எழுதவே இல்லையே சார்?"

"பக்கம் முடிஞ்சு போச்சும்மா. எல்லாருக்கும் புரியும்னு விட்டுட்டேன்."

"தண்ணிக்குப் புரியலையே. இப்ப எழுதுங்க."

"அங்கத்தினர் யாராச்சும் முன்மொழியணும். நீங்க இன்னும் முழுக்கே எடுக்கலையேம்மா."

அவள் சுற்றிலும் பார்த்தாள். நாற்பது பேரும் ஃபேனைப் பார்த்தார்கள். குமிழி நின்றால் கூட்டம் கரைந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அப்போ என்னை இறக்குங்க" என்றாள். "எழுப்புறதுன்னு முதல்ல எழுதுங்க. பெருசா எழுதுங்க. புதுப் பக்கத்துல எழுதுங்க."

புது அங்கத்தினர் என்றதும் எல்லாக் கையும் உயர, செயலாளர் எழுதினார். விரலை வைத்து மூன்று தரம் படித்துப் பார்த்துவிட்டு, தொட்டி விளிம்பைப் பிடித்தபடி இறங்கினாள். தண்ணீருக்குள் மூலைப்பக்கம் கையை நீட்டித் துழாவினாள், குளிர்தான் தட்டுப்பட்டது. போதகர் எழுப்பியதும், தலைமுடி சொட்டச் சொட்ட, மூச்சு வாங்கியபடியே கையைத் தூக்கினாள். "அவரை எழுப்பணும்னு முன்மொழியறேன்." எல்லாரும் மறுபடி ஃபேனைப் பார்த்தார்கள். கடைசியில் போதகர்தான், "வழிமொழியறேன்" என்றார். ஆதரவு இருபத்தொன்று, எதிர்ப்பு இருபது.

எலக்ட்ரீஷியன் இருமிக்கொண்டே எழுந்தார். அவருக்கு அரை நிமிஷம்தான் ஆகியிருந்தது. ஏழு வருஷமாக அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"நீ ஏன் நனைஞ்சிருக்க? தலையில என்ன வெள்ளையா?"

"சுண்ணாம்பு. வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

கல்யாணத்தின்போது அவர் அவளைவிட மூன்று வயது மூத்தவர். இப்போது அவள் நாலு வயது மூத்தவள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகள் "தம்பிங்களா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லிவிடுகிறாள். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.