சும்மா இருக்கேங்க

என்னுடைய மரக் கவராயத்தைத் திரும்ப வாங்கிவரத்தான் பக்கத்து வகுப்புக்குப் போனேன். நான் கணக்கு டீச்சர்; கரும்பலகையில் வட்டம் போடுவதற்கென்று பள்ளியில் இருப்பது அது ஒன்றுதான். வரலாற்று டீச்சர் அதை எடுத்துக்கொண்டுபோய், வரைபடத்தில் தேசங்களைக் குத்திக் காட்டிக்கொண்டிருப்பார். நான் வாசலில் நிற்கும்போது, அவருக்கு வலப்பக்கத்துக் கடைசி பெஞ்சில் எழுதாமல் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "அங்க என்ன பண்றே?" என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து எதையோ முனகினாள். டீச்சரின் முகம் சிவந்துபோயிற்று.

அவள் சொன்னது, வாசலில் எனக்குத் தெளிவாகவே கேட்டது, "சும்மா இருக்கேங்க". டீச்சர் காதில் விழுந்தது "சும்மா இருங்க". அவளுடைய அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். அளவு கொடுக்க வருகிற சின்னப் பிள்ளைக்குக்கூட 'ங்க' போடுகிற வீடு. மற்றவர்கள் 'மிஸ்' என்று முடிக்கிற இடத்தில் இவள் 'ங்க' என்று முடிப்பாள். மரியாதை கூடிப்போய் மாட்டிக்கொண்டாள் என்று சிரித்திருக்கலாம், யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மன்னிப்புக் கேட்காவிட்டால் ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். "சொல்லாததுக்கு எப்படிங்க மன்னிப்புக் கேக்கறது?" என்று அங்கேயும் ஒரு 'ங்க' போட்டுவிட்டு வந்தாள்.

ஆசிரியர் அறையில் எல்லோரும் ஒரே கட்சி. "இன்னிக்கு அவங்கள, நாளைக்கு நம்மள," என்றார் விளையாட்டு மாஸ்டர். நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "இவ வாசல்லதான் நின்னா, இவ சொல்லுவா," என்று வரலாற்று டீச்சர் என் முதுகில் கை வைத்தார். அந்தக் கை கனத்தது.

நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாட்களிலெல்லாம், ஆபீசுக்குத் தெரியாமல் என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டவர். போன வருஷம் அவருடைய வலது காது மந்தமாகத் தொடங்கியது. என்னிடம் மட்டும் சொன்னார். "வெளிய தெரிஞ்சா கிளாஸப் பிடுங்கிட்டு நூலகத்துல உக்கார வெச்சிருவாங்கடி." வகுப்பு இல்லாவிட்டால் அக்கா அக்காவாகவே இருக்கமாட்டார். அன்றிலிருந்து பஸ் நிறுத்தம்வரை அவருக்கு இடப்பக்கமாகவே நடந்துவந்தேன்.

தலைமையாசிரியை எங்கள் மூவரையும் கூப்பிட்டார். கிறீச்சிட்ட மின்விசிறியை நிறுத்திவிட்டு, "உங்களுக்கு என்ன கேட்டுது?" என்று என்னிடம் கேட்டார்.

காதில் சரியாக விழவில்லை என்று மழுப்பிவிடலாம். வராந்தா நெடுக அதைத்தான் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆனால் அந்தப் பெண் பாவமாகக்கூட நிற்கவில்லை. நடந்ததைத்தானே நான் சொல்லப்போகிறேன் என்பதுபோல நின்றுகொண்டிருந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இருக்கேங்கன்னுதான் சொன்னா மேடம்."

"அப்ப டீச்சருக்கு ஏன் வேற மாதிரி கேட்டுது?"

பெண்தான் பேசினாள். "மிஸ் மேல தப்பில்லைங்க. அவங்களுக்கு எங்க பக்கம் கேக்காது. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும், அதனால சத்தமாத்தான் சொல்லுவோம். அன்னிக்கு நான் மறந்துட்டேன்."

அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று முடிவு கட்டியிருந்தார். இல்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் காது விஷயம் உண்மைதான் என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். சும்மா இருந்தேன்.

பெண் வகுப்புக்குப் போனாள். "டாக்டர்கிட்ட காட்டுங்க டீச்சர். அதுவரைக்கும் நூலகத்தப் பாத்துக்குங்க," என்று தலைமையாசிரியை தணிவாகத்தான் சொன்னார். அதை இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் அக்கா பள்ளி கேட்டருகே எனக்காக நின்றுகொண்டிருந்தார். நிற்கமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். கவராயத்தை என் கையில் கொடுத்தார். "இனிமே எனக்கு எதுக்கு," என்றார். வழக்கம்போல இடப்பக்கம் போய் நடந்தேன். தையல் கடையைத் தாண்டியதும் அக்கா நின்று, கைப்பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, என்னைச் சுற்றிவந்து என் இடப்பக்கம் சேர்ந்துகொண்டார். இப்போது அவருடைய வலது காது என் பக்கம் இருந்தது.

"நான் சொல்லிக்கொடுக்கலக்கா," என்றேன்.

அவர் சாலையைப் பார்த்தபடி நடந்தார். சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று தெரியும். முன்னும் பின்னும் பள்ளிப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். கவராயத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டு, அதே குரலில் இன்னொரு முறை சொன்னேன்.