எராஸ்மோ ஏறிய சிவப்பு வண்டி

"இடுப்புப் பக்கம் இன்னொரு சுத்து சுத்துங்கடா, வளைவுல இறங்கி நடந்துடப்போறார்" என்றார் வண்டியோட்டி கல்தீனோ. அப்பாவின் சவப்பெட்டியைத் தீயணைப்பு வண்டியின் மேல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் மறுமுனையை மகள் ஒத்திலியா பிடித்திருந்தாள்.

ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்கா தெரியும் அந்த மெக்சிகோ ஊரில், சர்வதேச விமான நிலையம் என்று பலகை இருந்தது. நாளுக்கு ஒரு விமானம், மொத்தத்துக்கும் ஒரு தீயணைப்பு வண்டி. அப்பா எராஸ்மோ ஆயுசெல்லாம் அந்த வண்டியில் உட்கார்ந்து தீக்காகக் காத்திருந்தார். தீ வரவில்லை, மாரடைப்பு வந்தது.

அவரோடு பல வருஷமாகப் பேசாத மகன், ஒத்திலியாவின் தம்பி நோயே, தலைநகரிலிருந்து இன்றைய விமானத்தில் வந்துகொண்டிருந்தான். "நான் மூஞ்சியப் பாக்காம மண்ணு போட்டுடாதக்கா" என்று அழுதிருந்தான். ஜூலை வெயில். சாயங்காலத்துக்குமேல் தாங்காது என்று பெட்டிக்காரரே மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டார்.

"விமானம் நாலு மணிக்குத்தான் பாப்பா. அதுவும் என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?" கல்தீனோ வண்டியைக் கிளப்பினார்.

ஊர் வழக்கப்படி, செத்தவர் குடித்த கடை ஒவ்வொன்றின் முன்னும் ஊர்வலம் நின்று, அக்கார்டியனில் ஒரு பாட்டு வாசித்தாக வேண்டும். அப்பா எந்தக் கடையையும் ஒதுக்கியவரில்லை.

ஐந்தாவது கடையில் வயர்லெஸ் கரகரத்தது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சாயோ.

"வண்டி எங்க மாமா? விமானம் சீக்கிரமே வந்து தலைமேல சுத்துது."

"எராஸ்மோவோட இருக்கு."

"எராஸ்மோ எங்க?"

"மேல படுத்திருக்கார்."

"வண்டி இங்க நிக்காம இறக்க முடியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இன்னும் ரெண்டு சுத்து பாப்பாங்க. அப்புறம் மான்டெர்ரேக்குப் போயிடுவாங்க. அங்கருந்து நோயே வந்து சேர ராத்திரியாகிடும்."

"திருப்புங்க மாமா!" என்றாள் ஒத்திலியா.

சைரன் அலறியது. சாலையே ஒதுங்கி வழிவிட்டது. எராஸ்மோவின் உத்தியோகத்தில் அதுதான் முதல் அவசரம்.

நிலைய வாசலில் புதுக் காவலாளி கையை நீட்டி மறித்தான். "மேல இருக்கிறது பயணியா, சரக்கா?"

"எங்க ஆளுடா, அறிவுகெட்டவனே!"

"அப்ப அடையாள அட்டை?"

அவர்கள் ஓடுதளத்தை அடைந்தபோது விமானம் சாய்ந்து திரும்பித் தெற்கே சிறுத்துக்கொண்டிருந்தது. யாரும் வண்டியைவிட்டு இறங்கவில்லை.

வெகுநேரம் கழித்து நோயே மான்டெர்ரேயிலிருந்து போனில் கூப்பிட்டான்.

"அக்கா, ஊர் மேலயே வந்துட்டோம். கல்லறை தெரிஞ்சுது. ஒரு சிவப்பு வண்டி தலைதெறிக்க ஓடுறதுகூடத் தெரிஞ்சுது. ஏன்க்கா இறக்கல?"

கல்தீனோ அவிழாத முடிச்சை மறுபடி முடிந்துகொண்டிருந்தார்.

"காத்து ஜாஸ்தியாம்டா" என்றாள்.

காற்றின் திசை காட்டும் துணிக்குழல், ஓடுதள ஓரத்துக் கம்பத்தில் ஈரச் சட்டைக் கைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.