சீக்வல் என்றுதான் சொல்வாள்

அந்த அலுவலகத்தில் அவளை எல்லாரும் டேபிள் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் அவளிடம் வந்து, "அக்கா, என் மேஜை ஆடுது, கால்ல ஒரு அட்டை வெக்கணும்" என்று சொல்லி அசடு வழிவது வழக்கம். அவள் பார்த்துக்கொண்டது மர மேஜைகளை அல்ல. ரத்தம், சிறுநீர் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்து தருகிற நிறுவனம் அது. எந்த நோயாளிக்கு என்றைக்கு என்ன பரிசோதனை, முடிவு என்ன என்று கட்டம் கட்டமாகச் சேர்த்து வைக்கிற அட்டவணைகளுக்கும் டேபிள் என்றுதான் பெயர். பதினோரு வருஷமாக அவற்றைக் கட்டி மேய்ப்பது அவள் வேலை.

அந்த டேபிள்களிடம் கேள்வி கேட்க ஒரு மொழி இருக்கிறது. எழுதினால் மூன்றே ஆங்கில எழுத்து. வாயால் சொல்லும்போதுதான் வம்பு. பாதிப் பேர் எழுத்தெழுத்தாக 'எஸ்-கியூ-எல்' என்பார்கள். மீதிப் பேர் ஒரே சொல்லாகச் சேர்த்து 'சீக்வல்' என்பார்கள். தினமும் டீ நேரத்தில் இது ஒரு குழாயடிச் சண்டை.

"ஏடிஎம்மை யாராவது அட்ம்னு சொல்றாங்களா?" என்று ஒருவன் ஆரம்பிப்பான்.

"சிம் கார்டை நீ எஸ்-ஐ-எம் கார்டுன்னா சொல்றே?" என்று இன்னொருத்தி மடக்குவாள்.

சீக்வல் கட்சிக்கு டேபிள் அக்காதான் தலைவி. அவளைக் கேட்காமலே கொடுத்த பதவி. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து சீக்வல் தவிர வேறு வந்ததில்லை என்பதுதான் காரணம்.

அவளுக்கு இருந்த காரணம் வேறு. அவளுக்கு வாய் திக்கும். க, ச, ப எல்லாம் தண்ணீர் மாதிரி ஓடும். அ, இ, எ என்று உயிரெழுத்தில் தொடங்கும் வார்த்தை வந்தால் தொண்டை கதவைச் சாத்திக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது 'உள்ளேன்' என்று சொல்ல முடியாமல், முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டே வராதவள் என்று பெயர் வாங்கியவள். வளர வளரச் சுற்று வழிகள் பழகிவிட்டன. 'இல்லை' வரும் இடத்தில் 'கிடையாது' என்பாள். 'அப்புறம்' என்பதைப் 'பிறகு' ஆக்கிவிடுவாள். எட்டுப் பேர் வந்தார்கள் என்று சொல்ல வேண்டியிருந்தால், "பத்துக்கு ரெண்டு குறைச்சல்" என்பாள். கேட்பவர்கள் அதை அவளுடைய குசும்பு என்று நினைத்துச் சிரிப்பார்கள். பதினோரு வருஷம் ஒருத்தருக்கும் தெரியாமல் ஓட்டிவிட்டாள். அந்த ஓட்டத்தில் அவள் எவ்வளவு களைத்துப் போவாள் என்பதும் ஒருத்தருக்கும் தெரியாது.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று இவர்களுடைய மென்பொருளை எடுத்திருந்தது. அங்கே நேரில் போய் விளக்க வேண்டும், பிறகு பயிற்சி வீடியோக்கள் எடுத்துத் தர வேண்டும். "வெளியாட்கள் முன்னாடி ஆளுக்கொரு மாதிரி பேசினா சந்தைக்கடை மாதிரி இருக்கும்" என்றார். "இன்னையிலிருந்து எல்லாரும் எஸ்-கியூ-எல். ஒரே குரல்." வெள்ளைப் பலகையில் எல்லார் பெயரும் ஏறியது. தவறிச் சீக்வல் என்றால் பெயருக்கு நேரே ஒரு கோடு. வாரக் கடைசியில் அதிகக் கோடு வாங்கியவர் கூட்டக் குறிப்பு முழுவதையும் எழுத வேண்டும்.

முதல் வாரம் அவளுக்கு ஒன்பது கோடு. இரண்டாவது வாரம் பதினாறு. எஸ்-கியூ-எல் கட்சிக்காரர்களே கை தட்டிச் சிரித்தார்கள். மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீங்க சீனியர். நீங்களே முரண்டு பிடிச்சா மத்தவங்க எப்படிக் கேப்பாங்க?"

"பார்க்கிறேன் சார்" என்றாள்.

முயன்றும் பார்த்தாள். கழிவறைக் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்தாள். உதடு பிரிந்தது, தாடை இறங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. கைகழுவ வந்த கணக்குப் பிரிவுப் பெண், "பல் வலியா அக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்பதும் உயிரெழுத்துதான். தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் கூட்டங்களில் பேசுவதையே விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் விளக்கிச் சொல்லும் வேலையை மேனேஜர் ரேடியோவிடம் கொடுத்தார். மணி அடித்தாற்போல் குரல் இருந்ததால் அந்தப் பையனுக்கு அப்படிப் பெயர். சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டேபிள் எதுவும் அவனுக்குத் தெரியாது. அவளைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பட்டனைத் தட்டச் சொன்னார்கள்.

வீட்டில் அவள் புருஷனிடம் சொன்னாள். கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர் அவர். நாள் முழுக்கச் சுவரில் உள்ள எழுத்தைப் படிக்கச் சொல்வதே பிழைப்பு. அவளிடம் முதன்முதலாகப் பேசிய அன்று, ஒரு வாக்கியத்தை முடிக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க, இடையில் ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தவர். அதற்காகவே அவரைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் தங்கை கேலி செய்வாள்.

"இதைப் போய் மனசுல வெச்சுக்கிட்டு," என்றார், பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. "நான் வேணும்னா உங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கவா?"

அவள் வாயைத் திறந்தாள். அவர் காத்திருந்தார்.

"எ... எ... எனக்காக நீங்க பேசினா, எ... எனக்கு வாய் எதுக்கு, சாப்பிட மட்டுமா? நானே சொல்றேன். திக்குதுங்கிறதைத் திக்கித் திக்கியே சொல்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அடுத்த நான்கு நாளில் மூன்று தடவை மேனேஜர் கதவு வரை போனாள். ஒரு தடவை லீவு கேட்டாள், ஒரு தடவை பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது என்றாள், ஒரு தடவை "சும்மாதான் சார்" என்று திரும்பினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை. வெள்ளைக் கோட்டுப் போட்ட இருபது பேர். நடுவில் பரிசோதனைக் கூடத்தின் தலைவி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். ரேடியோ அரை மணி நேரம் அருவி மாதிரி கொட்டினான். எல்லாரும் மயங்கித்தான் போனார்கள். தலைவியைத் தவிர.

"நல்லாப் பேசறீங்க தம்பி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. போன வாரம் ஒரு அம்மாவோட சர்க்கரை ரிப்போர்ட் அவங்க பொண்ணோட போனுக்கு, பொண்ணு பேர்லயே போயிருக்கு. அந்தப் பொண்ணு மாசமா இருக்கா. வயித்துல இருக்கிற குழந்தைக்கு என்ன ஆகுமோன்னு ரெண்டு நாள் அழுதிருக்கா. இது எப்படி நடந்தது?"

ரேடியோ கண் சிமிட்டினான். "அது... நெட்வொர்க் பிரச்சினையா இருக்கலாம் மேடம். டீம்ல பேசிட்டுச் சொல்றோம்."

மேனேஜர் பலமாகத் தலையாட்டினார்.

டேபிள் அக்காவுக்குக் காது சூடேறியது. அது நெட்வொர்க் இல்லை. நான்கு நாளைக்கு முன்பே கண்டுபிடித்து மேனேஜருக்கு எழுதியும் அனுப்பியிருந்தாள். 'விளக்கக் கூட்டம் முடியட்டும்' என்று பதில் வந்திருந்தது. ரெண்டு நாள் அழுத பெண்ணைப் பற்றி அந்தப் பதில் வந்தபோது அவளுக்குத் தெரியாது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"மேடம், தப்பு நம்ம பக்கம்."

தலைவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம பக்கம்னா? எங்க ஆளுங்க தப்பாப் பதிஞ்சாங்கங்கிறீங்களா, உங்க பக்கமா?"

சுற்று வழி கிடையாது. 'நம்ம' என்றால் அவர்களையும் சேர்த்துக் குற்றம் சொன்னதாகும். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான். அவள் வாயைத் திறந்தாள். கதவு சாத்திக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மேனேஜர் பாதி எழுந்து, "அதாவது மேடம், அவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று தொடங்கினார். அவள் அவரைப் பார்க்காமலே உள்ளங்கையைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார்.

"எ... எ... எ... எங்க பக்கம்."

வந்துவிட்டது. அறை இடியவில்லை. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே போனாள்.

"நோயாளி டேபிளையும் ரிப்போர்ட் டேபிளையும் போன் நம்பரை வெச்சு இ... இணைச்சிருக்கோம். ஒரே வீட்டுல நாலு பேர் ஒ... ஒரே நம்பரைக் குடுப்பாங்கன்னு யாரும் யோசிக்கல. பதிவு எண்ணை வெச்சு இணைக்கணும். திருத்தம் தயாரா இருக்கு."

"எங்க கம்ப்யூட்டர்காரங்களே அதைப் போட்டுக்கலாமா? எதுல எழுதியிருக்கீங்க?"

அவள் மேனேஜரை ஒரு தரம் பார்த்தாள்.

"சீக்வல்" என்றாள். "எழுத்தெழுத்தா சொல்லணும்னு எ... எங்க ஆபீஸ்ல உத்தரவு. எனக்கு வாய் திக்கும் மேடம். உ... உயிரெழுத்துன்னா எனக்கு உயிர் போயிடும். அதனாலதான் சீக்வல். திமிர் கிடையாது."

ரேடியோ அவளை வாய் பிளந்து பார்த்தான். தலைவி கண்ணாடியை மூக்கில் ஏற்றினாள்.

"நாங்க இத்தனை நாளா ஸ்குவல்னுல்ல சொல்லிட்டிருக்கோம். எங்களையும் திருத்திடாதீங்க" என்றாள். அறை சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு மாதிரி இன்னும் எத்தனை பேர்?"

"நாற்பத்து மூணு. பட்டியல் கொண்டு வந்திருக்கேன்."

"மத்ததெல்லாம் அப்புறம். முதல்ல அந்த நாற்பத்து மூணு பேருக்கும் போன் பண்ணுவோம்."

மதியம் வரை அதுதான் நடந்தது. அவளும் ஒரு போனை எடுத்துக்கொண்டாள். பதினொரு வீட்டுக்குப் பேசினாள். இரண்டு பேர், அவள் திக்கியபோது லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் மேனேஜர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொல்றதுக்கும் வாய் வேணுமே சார்."

அவர் வண்டி மேல் சாய்ந்துகொண்டார். பிறகு, "என் முதல் இன்டர்வியூல நான் சீக்வல்னு சொன்னேன்" என்றார். "எந்தப் படத்தோட சீக்வல்னு கேட்டு மூணு பேரும் சிரிச்சாங்க. வேலை கிடைக்கல. அன்னைக்கு முடிவு பண்ணேன், என் கூட வேலை பாக்கிறவங்க யாரும் அப்படி அவமானப்படக் கூடாதுன்னு." அவருக்கே அது கேட்கக் கோணலாக இருந்திருக்க வேண்டும். "உங்களுக்கு மட்டும் அந்த விதி வேண்டாம். விட்டுடலாம்."

"எ... எனக்கு மட்டும்னா வேண்டாம் சார். பலகையையே துடைச்சிடுங்க. இன்னொண்ணும் கேக்கணும். பயிற்சி வீடியோவுக்கு நான் பேசறேன்."

சாவி சுற்றுவது நின்றது. "நீங்களா? மூணு வீடியோ. இருபது இருபது நிமிஷம். ரேடியோ ஒரே நாள்ல முடிச்சிடுவான்."

"முடிச்சிடுவான். யாராவது சந்தேகம் கேட்டா நெட்வொர்க் பிரச்சினைன்னும் சொல்லிடுவான்."

மேனேஜர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தார். பிறகு, "நீளம் அதிகமாகும்" என்றார்.

"ஆ... ஆகட்டும்."

ஒலிப்பதிவுக்கு மூன்று வாரம் பிடித்தது. சாமான் அறையில் பழைய மானிட்டர்களுக்கு நடுவே ஒரு மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரேடியோதான் பதிவு செய்தான். முதல் நாள் அவள் திக்கிய இடங்களையெல்லாம் வெட்டித் தைத்து, வழவழவென்று ஆக்கி, ஆசையாகக் கொண்டுவந்து காட்டினான். அவள் முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாருன்னு எனக்குத் தெரியல தம்பி. வெட்டினதையெல்லாம் திரும்ப ஒட்டு."

இருபது நிமிஷ வீடியோ முப்பத்தொன்று ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் முடிவதற்குள் இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில் ஒரு பெண் எழுதியிருந்தாள், நிறுத்தி நிறுத்திச் சொல்வதால் குறிப்பெடுக்க வசதியாக இருக்கிறது, இவரே எல்லாவற்றையும் சொல்லட்டும் என்று. இன்னொன்றில் பெயர் போடாத ஒருவர், இந்த அம்மாவைக் கேட்கப் பொறுமை இல்லை, வேறு யாரையாவது பேச வையுங்கள் என்று எழுதியிருந்தார்.

மேனேஜர் இரண்டாவதை மறைத்துவிடலாம் என்று நினைத்து, மனசு கேட்காமல் இரண்டையும் அவள் மேஜையில் வைத்தார். அவள் இரண்டையும் படித்தாள். இரண்டாவதை இன்னொரு தடவை படித்தாள். வலித்தது. பிறகு ரேடியோவைக் கூப்பிட்டு, சாமான் அறைச் சாவியை எடுத்து வரச் சொன்னாள். ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டிருந்த நான்காவது வீடியோவின் முதல் வரி 'இணைப்பு' என்று தொடங்கியது. வேறு வார்த்தை தேடாமல் அதையே சொல்ல மைக் முன் போய் உட்கார்ந்தாள்.