சேற்றுமேட்டில் சோக்கு

டெர்பிஷயர் குளிரில் விரல் விறைத்துப்போக, க்வெண்டா விடிந்ததிலிருந்து காரின் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றாள். கார்புரேட்டரின் சோக்குக் கம்பியைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, ஒரு நூலளவு தளர்வு வைத்து முடுக்கினாள். இன்ஜினுக்குப் பெட்ரோலைக் கூட்டிவிடும் அந்த டாஷ்போர்டுக் குமிழ் இப்போது இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. விட்டால் டக்கென்று உள்ளே ஓடியது.

வருஷா வருஷம் இதே சேற்றுமேடு ஏறும் பந்தயம், இதே பழைய மோரிஸ் மைனர், இதே கூத்து. பாதி மேட்டில் வண்டி கரும்புகையைக் கக்கி அணைந்துவிடும். நின்றால் தோல்விதான். "உனக்கு சோக்கு வைக்கத் தெரியல, பெட்ரோலை ஊத்திக் கொல்றே" என்று பக்கத்து வீட்டு கத்பர்ட் சொல்லிச் சொல்லியே மானத்தை வாங்கினார். போன வருஷம் ரோஷத்தில் அவள் வாயை விட்டுவிட்டாள்: அடுத்த தடவையும் நின்றால் வண்டி அவருக்கே. இதோ, வேலியில் சாய்ந்து இளித்துக்கொண்டு நிற்கிறார் மனுஷர்.

கணவர் டெஸ்மண்ட் பக்கத்து இருக்கையில் ஏறினார். சேற்றில் பின்சக்கரம் பிடிக்க, பக்கத்தில் இருப்பவர் எம்பி எம்பிக் குதிப்பது இந்தப் பந்தயத்தில் வழக்கம். அதற்கென்றே வளர்த்த உடம்பு அவருக்கு.

கொடி அசைந்தது.

"குதி, டெஸ்மண்ட்!"

குதித்தார். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. முதல் திருப்பம் தாண்டியதும் பெட்ரோல் நாற்றம், கரும்புகை, இன்ஜினில் திக்கல். ஐயோ, போச்சு!

"என்னடி இது, வழுக்குது?" என்று குதித்தபடியே கத்தினார் டெஸ்மண்ட். "இதுல எண்ணெய் கிண்ணெய் போட்டியா? பிடிமானமே இல்லியே!"

திரும்பிப் பார்த்தாள். அவர் கைக்குள் சோக்குக் குமிழ். ஒவ்வொரு குதிப்புக்கும் அது முழுசாக வெளியே வந்தது.

"அடப்பாவி மனுஷா! அதையா பிடிச்சிருக்கே?"

"எப்பவும் இதைத்தான் பிடிப்பேன். கைக்கு வாகா இருக்கும்."

"விடுய்யா!"

"அப்ப நான் எதைப் பிடிக்கிறது?"

"உன் தலையைப் பிடி!"

விட்டார். குமிழ் உள்ளே ஓடியது. இன்ஜின் இருமி, ஒரு கனைப்புக் கனைத்து, சேற்றை வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தது. உச்சிக் கம்பத்தைத் தாண்டியபோது க்வெண்டா ஸ்டியரிங்கில் முகம் புதைத்து அழுதுகொண்டே சிரித்தாள். வண்டி அவளுடையதுதான்!

பக்கத்தில் டெஸ்மண்ட் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி இன்னும் குதித்துக்கொண்டிருந்தார்.

"க்வெண்டா, இப்ப விடலாமா?"