வாசலில் நின்ற சலாம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு அவருடைய தம்பி சொன்ன சலாம், பதில் கிடைக்காததால், பதினோரு வருடம் கடை வாசலில் நின்றது. தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், சொன்னவருடைய வாய் இருந்த இடத்திலேயே, "அஸ்ஸலாமு அலைக்கும், அண்ணே" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெரிய சத்தமில்லை, பக்கத்து அறையில் ஒருவர் பேசுகிற அளவுதான். மழைக்காலத்தில் குரல் கொஞ்சம் கட்டியிருக்கும். கடைக்கு வருகிறவர்கள் தோளைச் சற்றுச் சாய்த்து அதைத் தாண்டி உள்ளே போவார்கள். பிரேம் மூக்கை அழுத்துகிறது, காதுக்குப் பின்னால் வலிக்கிறது என்று எத்தனையோ புகார்கள் அந்தக் கடைக்கு வந்திருக்கின்றன. சலாமைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை.

நடந்தது இதுதான். இருவரையும் பெற்ற அத்தா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மவுத்தானார். மய்யித்தை வைத்துக்கொண்டிருக்காமல் சீக்கிரம் அடக்க வேண்டும் என்பது மார்க்கம். ஆனால் வெளியூரில் வெல்டராக இருந்த தம்பி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று போனும் செய்திருந்தார். அந்த இரண்டு மணி நேரம் காத்திருந்தால் மார்க்கத்துக்கு ஒரு குறையும் வந்திருக்காது. இமாமே, "தம்பி வர்ற வரைக்கும் பார்க்கலாமா?" என்று கேட்டார். அண்ணன் பள்ளிவாசல் முற்றத்தைப் பார்த்தார். ஜும்ஆவுக்கு வந்த கூட்டம் அப்படியே நின்றது. இத்தனை பேர் தொழுது அனுப்பிய ஜனாஸா என்று நாலு பேர் சொல்வார்கள், காத்திருந்தால் பாதிப் பேர் சாப்பிடப் போய்விடுவார்கள். "வேணாம் ஹஜ்ரத், தூக்கிடலாம்" என்றார். தம்பி பையோடு மையவாடிக்கு ஓடி வந்தபோது மண் மூடியாகிவிட்டது. மேலே மூன்று கைப்பிடி மண்ணைப் போட்டார், துஆ ஓதினார், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார்.

தப்பு தன்மேல்தான் என்று தெரிந்திருந்ததால் அண்ணனுக்குத் தம்பிமேல் கோபம் வந்தது. கோபம் அப்படியும் வரும். இரண்டு மாதம் கழித்துத் தம்பி தானாகவே கடைக்கு வந்தார். தெருவின் அந்தப் பக்கம் வரும்போதே அண்ணன் பார்த்துவிட்டார். ஊருக்கே பார்வை திருத்துகிறவருக்கு அது தெரியாமலா போகும்? குனிந்துகொண்டு லென்ஸ் தேய்க்கும் மிஷினைப் போட்டார். தம்பி வாசலில் நின்று சலாம் சொன்னார். ஒரு லென்ஸ் தேய நாலு நிமிடம் ஆகும். தம்பி அந்த நாலு நிமிடமும் நின்றார். அண்ணன் தலை நிமிராமல் அடுத்த லென்ஸை மாட்டினார். மிஷின் நின்றபோது தம்பி இல்லை, சலாம் மட்டும் இருந்தது.

தெருவில் இருந்தவர்கள் முதலில் நல்ல மனதோடு உதவப் பார்த்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பதில் சொன்னார்கள். சலாம் அசையவில்லை. இமாம் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "கூட்டத்துக்குச் சொன்ன சலாம்னா யாராவது ஒருத்தர் பதில் சொன்னா போதும். இது உங்க ஒருத்தருக்குச் சொன்னது. நீங்கதான் சொல்லணும்" என்றார். "இன்ஷா அல்லாஹ், சொல்லிடலாம் ஹஜ்ரத்" என்றார் கண்ணாடிக்காரர். அதன் பிறகு யார் கேட்டாலும் அதே இன்ஷா அல்லாஹ்தான். ஒருநாள் அவர் மனைவி சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அல்லாஹ் நாடினா சொல்றேன்னு நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கீங்க. அவன் எப்பவோ நாடிட்டான். நீங்கதான் நாடல." அவர் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார்.

பாவம், அவரும் சும்மா இருக்கவில்லை. தெருவில் நாய் பூனை தவிர எல்லோருக்கும் முந்திக்கொண்டு சலாம் சொன்னார். மூன்றாவது கடையில் ஒருவர் தும்மி அல்ஹம்துலில்லாஹ் சொன்னால், இங்கிருந்தே பதிலுக்கு யர்ஹமுகல்லாஹ் என்று கத்தினார். தஸ்பீஹ் மணியை உருட்டி, பாவமன்னிப்புக் கேட்டு ஆயிரம் தடவை அஸ்தக்ஃபிருல்லாஹ் ஓதினார். கடைக்குள் தொழுகையை முடிக்கும்போது வலது பக்கம் திரும்பிச் சொல்லும் சலாம் ஒழுங்காக வரும், இடது பக்கச் சலாம் தொண்டையில் சிக்கும். கடை வாசல் அவருக்கு இடது பக்கம். போனை எடுத்துத் தம்பியின் எண்ணைப் பலமுறை அழுத்தியிருக்கிறார், மணி அடிக்கத் தொடங்கியதும் வைத்துவிடுவார். பதில் சொன்னால் கூடவே மன்னிப்பும் கேட்க வேண்டும், கேட்டால் அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

பதினோராம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பியின் மனைவி போன் செய்தாள். தம்பி பட்டறையில் மயங்கி விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்காரர் மவுத்துக்குச் சொல்கிற இன்னா லில்லாஹியைச் சொன்னார், ஷட்டரை இறக்காமலே ஓடினார். பஸ் வழியில் நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி நேரம் தாமதம். மண் மூடியிருப்பார்கள், எனக்கு அது வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே தெருமுனையில் திரும்பினார். வீட்டு வாசலில் கூட்டம் நிழலுக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. ஜனாஸா உள்ளேதான் இருந்தது. "எவ்வளவு நேரம் ஆனாலும் அண்ணன் வந்தப்புறம்தான் என்னை எடுக்கணும்னு எப்பவும் சொல்வாங்க, மச்சான்" என்றாள் தம்பி மனைவி. அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். வாயைத் திறந்ததும் பதில் தடையில்லாமல் வந்தது. "வஅலைக்குமுஸ்ஸலாம், தம்பி."

அதே நேரத்தில் கடை வாசலில் சலாம் ஓய்ந்துபோனதாக எதிர்க்கடைத் தையல்காரர் சொன்னார். ஆனால் மூன்றாம் நாள் கண்ணாடிக்காரர் திரும்பி வந்தபோது வாசல் காலியாக இல்லை. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத அவருடைய பதில், அவருக்கு முன்பே வந்து அதே ஐந்தடி உயரத்தில் நின்றது. இது ஓயாமல் கேட்பதில்லை, யாராவது சலாம் சொன்னால் மட்டும் பேசும். எழுபது வயதுக்காரரானாலும் புதுப்பெண்ணானாலும் எல்லோரும் அதற்குத் தம்பிதான். இரண்டு நாள் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டது.

இப்போது காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணாடிக்காரர் உடனே உள்ளே போவதில்லை. தெருவில் நின்றபடி, ஆளில்லாத கடையைப் பார்த்து அவரே முதலில் சலாம் சொல்கிறார். "வஅலைக்குமுஸ்ஸலாம், தம்பி" என்று பதில் உடனே வருகிறது. நாலு நிமிடம் அங்கேயே நிற்கிறார். பிறகு தோளைச் சாய்த்து உள்ளே போய் மிஷினைப் போடுகிறார்.